பழைய படமும் புதுப் பூச்சும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில், கேபிள் டிராமின் முகப்பில் கேமராவைப் பொருத்தி மைல்ஸ் சகோதரர்கள் எடுத்த படம், இன்று வண்ணமும் ஒலியும் சேர்க்கப்பட்டுக் கைபேசிகளில் உலவுகிறது. தண்டவாளத்தின் குறுக்கே குதிரை வண்டிகள் சாவகாசமாகக் கடக்கின்றன. சிறுவர்கள் ஓடியபடியே கேமராவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். தொப்பியில்லாத தலையைக் காண்பதே அரிது.

நெடுங்காலம் 1905ஆம் ஆண்டினது என்று கருதப்பட்ட இப்படம், 1906 ஏப்ரல் 18 அன்று நிகழ்ந்த பூகம்பத்துக்குச் சில நாட்களே முன்பு எடுக்கப்பட்டது என்பதை, தெருவில் தேங்கியிருந்த மழைநீரையும் ஒரு காரின் பதிவெண்ணையும் கொண்டு ஆய்வாளர் டேவிட் கீன் நிறுவினார். படத்தில் தெரியும் கட்டடங்களுள் பெரும்பாலானவை பூகம்பத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் அழிந்தன. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர்.

இத்தகைய நுண்ணிய தடயங்களே வரலாற்றுச் சான்றாகும்போது, கணினி ஊகித்துப் பூசும் நிறமும் அசைவைச் சீராக்க இடைச்செருகும் காட்சிச் சட்டங்களும் அவற்றை மறைத்துவிடுமே என்று மனம் பதறுகிறது. ஆகவே, இவ்வகைப் படங்களைத் தங்கள் நாளிதழ் வெளியிடும்போது, எது மூலம், எது பின்னாளில் சேர்த்தது என்பதைப் படத்தின் கீழேயே குறிப்பிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்