நாத்திகருக்கும் துக்கம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை கடிதங்கள் பகுதியில் வாசகர் ஒருவர், கடவுளை மறுப்பவர்களுக்கு வாழ்விலும் பொருள் இல்லை, சாவிலும் பொருள் இல்லை, இருக்கும்வரை உண்டு உறங்கிவிட்டுப் போகவேண்டியதுதான் என்று எழுதியிருந்தார். கோபத்தில் எழுதியதாகத் தெரியவில்லை. மனதார அப்படி நம்புகிறார். அதனால்தான் பதில் எழுதத் தோன்றியது. நான் புற்றுநோய் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கடவுள் நம்பிக்கை எனக்குச் சிறு வயதிலிருந்தே கிடையாது.

வாசகர் சொல்வது பழைய குற்றச்சாட்டு. 1860 செப்டம்பரில் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியின் மூத்த மகன் நோயல், நான்கு வயது நிறையும் முன்பே காய்ச்சலில் இறந்துபோனான். பாதிரியார் சார்லஸ் கிங்ஸ்லி ஆறுதல் சொல்லி எழுதினார். அதற்கு ஹக்ஸ்லி எழுதிய நீண்ட பதில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. (அவர் தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொண்டதில்லை, கடவுள் உண்டா என்பது அறிய முடியாதது என்ற கட்சி.) மகனின் சவப்பெட்டி அருகே நின்றபோது, இறந்தவர்கள் மீண்டும் எழமாட்டார்கள் என்றால் உண்போம், குடிப்போம், நாளை சாவோம் என்ற பைபிள் வரியை, அடக்கச் சடங்கு நடத்திய பாதிரியார் வாசித்தாராம். அது ஹக்ஸ்லியை அதிரவைத்துவிட்டது. பறிகொடுத்த பிள்ளையை இனிப் பார்க்க முடியாது என்பதற்காக நான் மிருகமாகிவிட வேண்டுமா, குட்டியை இழந்த குரங்குகூடத் துக்கப்படுமே, உடனே தீனியைத் தேடி ஓடாதே என்று எழுதுகிறார். அந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அழுகை வரும்.

தன் சாவு வேறு, பிறர் சாவு வேறு. தன் சாவைப் பற்றி எங்களுக்கு 2,300 ஆண்டுப் பழமையான பதில் ஒன்று இருக்கிறது. நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை என்றார் கிரேக்க அறிஞர் எபிக்யூரஸ். 1776 ஜூலையில் தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம் சாகக் கிடந்தபோது எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் அவரைப் பார்க்கப் போனார். இல்லாமலே போய்விடுவோம் என்ற நினைப்பு உங்களை வாட்டவில்லையா என்று கேட்டார். பிறப்பதற்கு முன் இல்லாமல் இருந்தது எப்படி வாட்டவில்லையோ அப்படித்தான் இதுவும் என்றார் ஹ்யூம். அடுத்த மாதம் 25ஆம் தேதி இறந்தார்.

சரி, இந்தப் பதில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு உதவுமா? உதவாது. இல்லாமல் போனது அவள் அல்ல, அவள் இருக்கிறாள். எபிக்யூரஸ் கைவிடும் அந்த இடத்தில்தான் எங்கள் தேடல் தொடங்குகிறது.

என் தம்பி சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். காரணம் எனக்குத் தெரியும். பல வருடங்கள் கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிட்டது. காரணம் தெரிந்ததால் மனம் ஆறிவிடவில்லை. மறுபடி சந்திப்போம் என்ற நம்பிக்கை பெரிய ஆறுதல். அது எனக்கு இல்லை. அதற்கு ஈடான ஒன்று என்னிடம் இருப்பதாகவும் சொல்லமாட்டேன். கருவிழியைச் சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால், அழுதுகொண்டேதான் கண் வங்கிக்குப் போன் செய்தேன். அதைக் கல்நெஞ்சம் என்று நினைத்தவர்கள் உண்டு. அப்புறம் பல மாதங்கள், இவன் வாழ்ந்தது எதற்காக என்ற கேள்வியே என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் எலக்ட்ரீஷியன். கூட வேலை பார்த்த பையன்களுக்கு மெயின் சுவிட்சை அணைத்தபிறகும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கம்பியைத் தொடாதே என்று திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுப்பான். அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய் அவனைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பிரபஞ்சத்துக்கு ஒரு நோக்கம் உண்டா என்றால் இல்லை என்பேன். என் தம்பியின் வாழ்க்கைக்குப் பொருள் உண்டா என்றால் அந்த நோட்டைக் காட்டுவேன்.

வார்டிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்த ஒரு பெரியவர், தீவிர நாத்திகர். பள்ளிக்கூடம் விட்டுப் பேத்தி வரும் நேரத்தில் விழித்திருக்க வேண்டும், மார்ஃபினைக் கொஞ்சம் தள்ளிக் கொடுங்கள் என்று கேட்பார். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு அவளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவார். உண்டு உறங்கிப் போகவேண்டியதுதான் என்று நினைப்பவர் அந்த வலியை ஏன் தாங்க வேண்டும்?

கடைசி நேரத்தில் நாத்திகனும் கடவுளைக் கூப்பிடுவான் என்கிறார் வாசகர். கூப்பிட்டவர்களும் உண்டு, கூப்பிடாதவர்களும் உண்டு. வாழ்நாள் முழுவதும் கும்பிட்டவர்கள் கடைசியில் நம்பிக்கை இழந்து அழுததையும் கண்டிருக்கிறேன். பயம் எல்லோருக்கும் வரும், அதை வைத்து யாருடைய கொள்கையையும் அளக்கக் கூடாது. 1930இல் லாகூர் சிறையில் இருந்த பகத்சிங்குக்கு வயது 23. கழுத்தில் கயிறு மாட்டி, காலடிப் பலகையை விலக்கும் அந்த நொடியோடு எல்லாம் முடிந்துவிடும், மேலே பரிசு எதுவும் காத்திருக்கவில்லை என்று தெளிவாக எழுதினார். போராட்டத்தில் கழிந்த குறுகிய வாழ்வே தனக்கான பரிசு என்றும் எழுதினார். பொருளைத் தேடாதவர் எழுதக்கூடிய வார்த்தைகளா இவை?

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். நம்பிக்கை இல்லாதவர்கள் வீட்டில் சாவு நேர்ந்தால், என்ன சொல்வது என்று தயங்கி ஒதுங்கிவிடாதீர்கள். துக்கம் விசாரிக்க வாருங்கள். அவர் கடவுளிடம் போய்விட்டார் என்று நீங்கள் சொன்னாலும் நாங்கள் சண்டைக்கு வரமாட்டோம், அன்பினால் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் அதோடு எழுந்துவிடாமல், அவர் எப்படிப்பட்ட மனிதர், என்ன வேலை பார்த்தார், எதற்குச் சிரிப்பார் என்று கேளுங்கள். எங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்