சுவாமி அமைதியாகக் காலம் கழிக்கவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் எங்கள் பங்குக் குருவானவரான சுவாமியின் மறைவையொட்டி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முக்கால்வாசியும் அவர் சிறையில் இருந்த கதை. அது எழுதப்பட வேண்டியதுதான். ஆனால் கடைசியில் ‘விடுதலையான பின்னர் வன்னிப் பங்குகளில் அமைதியாகக் காலம் கழித்தார்’ என்று ஒரு வரி வருகிறது. அதை வாசித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

வன்னியில் எந்த வருஷம் அமைதியாக இருந்தது? உங்களுக்குத் தெரியாததல்ல. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து வலிகாமம் இடம்பெயர்ந்தது. அடுத்த வருஷம் கிளிநொச்சிச் சனமும் ஓடியது. அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று எங்கு பார்த்தாலும் மரத்துக்குக் கீழே குடும்பங்கள். சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரி எல்லாவற்றுக்கும் தடை. அதோடு மலேரியா. சுவாமி சைக்கிளில் குளிசைப் பையோடு திரிந்தார். நான் படிப்பித்த மரத்தடிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பலகை கொண்டுவந்து, பழைய பற்றரிக் கரியைக் குழைத்துப் பூசிக் கரும்பலகை ஆக்கித் தந்தார். நான் சைவம். அவர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

1998இல் வவுனியாவில் வைத்து என் தம்பியைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். தெற்கில் ஒரு சிறையில் இருக்கிறான் என்று கடிதம் வந்தது. வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுக்க மூன்று கிழமை. சுவாமி தானும் வருகிறேன் என்றார். புறப்படுவதற்கு முதல்நாள் நான் தம்பிக்காகத் தோய்த்து மடித்து வைத்திருந்த சாரத்தைப் பார்த்துவிட்டு, “பிள்ளை, இதோடு வீட்டில் பாவித்த போர்வை ஒன்றையும் தோய்க்காமல் எடுத்து வை. உள்ளே இருக்கிறவனுக்கு வீட்டு மணம் வேணும்” என்றார். தான் சிறையில் இருந்ததைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். சிறைவாசலில் காலை ஆறு மணியிலிருந்து என்னோடு வரிசையில் நின்றார். குருவானவர் என்று சொல்லி முன்னுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு தம்பி வெளியே வந்து முதலில் போனது சுவாமியிடம். இரவெல்லாம் இருவரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சுவாமி தங்கியிருந்த அந்த அறைவீட்டின் கதவு எப்போதும் திறந்துதான் கிடக்கும். பூட்டிய கதவுக்குள் சுவாமிக்கு நித்திரை வராது. அது தெரிந்துதான் நடுச்சாமத்தில் பிரசவ வலிக்காரியையும் பாம்பு கடித்த பிள்ளையையும் சனம் அங்கே கொண்டு ஓடியது.

2009இல், கடைசி யுத்தத்தில், வலைஞர்மடம் கத்தோலிக்கக் கோயில் வளவுப் பங்கர்களுக்குள் கிடந்தோம். செத்தவர் சைவமென்றால் சுவாமி என்னைக் கூப்பிட்டுத் தேவாரம் பாடச் சொல்லுவார். நான் பாடி முடிக்கும்வரை தலை குனிந்து நிற்பார். அப்புறம்தான் மண் போடுவார். இதையா அமைதியாகக் காலம் கழித்தல் என்கிறீர்கள்?

நீங்கள் இப்படி விடுவது இது முதல்தரமும் அல்ல. ஒவ்வொரு ஜூலையிலும் 1983இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளைப் பற்றி எழுதுகிறீர்கள். அவர்களில் ஒருவரான டாக்டர் இராஜசுந்தரம் வவுனியாவில் இருந்துகொண்டு, காந்தியம் அமைப்பின் மூலம் மலையக அகதிகளைக் குடியேற்றப் பாடுபட்டவர் என்று நான் எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை. மல்லாவிப் பக்கம் 2008 ஏப்ரல் 20ஆம் திகதி கிளைமோர்க் குண்டில் கொல்லப்பட்ட கருணாரட்ணம் அடிகளாரை அந்தத் திகதியில் உங்கள் பத்திரிகை நினைப்பதில்லை. 2009 மே 18இல் சனத்தோடு வெளியே வரும்போது நெஞ்சு நின்றுபோன சரத்ஜீவன் அடிகளாருக்கும் அதே கதிதான். பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரை ‘காணாமற்போனவர்’ என்கிறீர்கள். யுத்தம் முடிந்தபோது வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு அவரும் போனதைக் கண்ட சனம் இன்றைக்கும் சாட்சி சொல்கிறது. கண்ணுக்கு முன்னால் இராணுவத்திடம் போனவர் எப்படி ஐயா காணாமற்போவார்? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராடத் தொடங்கினார்கள். சுவாமி ஊன்றுகோலோடு போய் அவர்களோடு நிலத்தில் இருந்தார். அன்றைய படத்தையும் போட்டிருந்தீர்கள். அதில் அவருடைய பாதித் தோள்தான் தெரிந்தது.

சரி. நான் கேட்பது இரண்டுதான். அந்த ஒரு வரியைத் திருத்தி அதே பக்கத்தில் போடுங்கள். மற்றது, உங்கள் நிருபர் தம்பி என்னிடம் வாங்கிக்கொண்டு போன படம். மரத்தடிப் பிள்ளைகளோடு சுவாமி நிற்கிற அந்தப் படத்தை மல்லாவியிலிருந்து மாத்தளன் வரைக்கும், பிறகு செட்டிகுளம் முகாமுக்கும் ஒரு சொப்பிங் பைக்குள் நனையாமல் கொண்டுபோனேன். வேறு பிரதி இல்லை. இரண்டு தரம் போன் எடுத்தேன், தேடுகிறோம் என்றார்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் காசு நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மல்லாவி.