வழிபாட்டுக் குறிப்பேடு: எழுதுவதும் திருத்துவதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தைப் பல ஆண்டுகளாக விடாமல் வாசித்து வருகிறேன். தல வரலாறு, விழா நாட்கள், பரிகார முறைகள், பெரியோர் சொற்பொழிவுச் சுருக்கம் எல்லாம் அதில் நிறைவாக வருகின்றன. ஆனால் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிற சாதாரண மனிதர், தம் வழிபாட்டைப் பற்றித் தாமே எழுதி வைத்தது ஒரு நாளும் வந்ததாக எனக்கு நினைவில்லை. அப்படி எழுதி வைக்கும் பழக்கத்தைப் பற்றியும், எழுதியதை ஆண்டுதோறும் திருத்திச் செம்மையாக்க வேண்டியதன் தேவையைப் பற்றியும் என் அனுபவத்தைச் சொல்லவே இந்தக் கடிதம். சற்று நீளமாக இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

நான் பள்ளத்தூரைச் சேர்ந்தவன். கூட்டுறவு வங்கி ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். 1987-ஆம் ஆண்டு தைப்பூசத்திற்குப் பழனிக்குக் காவடியோடு முதன்முறை நடந்துபோனபோது, ஒரு சிறிய நோட்டில் தலைப்பில் ‘உ’ போட்டு, ‘சிவமயம்’ என்று எழுதி, அன்றன்று நடந்ததைக் குறிக்கத் தொடங்கினேன். இன்று அது பதினொரு நோட்டாக வளர்ந்திருக்கிறது.

முதல் நோட்டை ஒன்பது ஆண்டுகள் கழித்து எடுத்துப் படித்தபோது எனக்குப் பெரும் ஏமாற்றமாக இருந்தது. குன்றக்குடியில் எத்தனை மணிக்குக் கிளம்பினோம், சிங்கம்புணரியில் என்ன பலகாரம், நத்தத்தில் எங்கே தங்கினோம், அர்ச்சனைக்கு எவ்வளவு, உண்டியலில் எவ்வளவு என்று பைசா பிசகாமல் எழுதியிருந்தேன். கோயில்களைப் பற்றியவையோ வாசலில் விற்கும் தலபுராணப் புத்தகத்தைப் பார்த்து எழுதியவை. அத்தனை பக்கங்களில் நான் ஏன் நடந்தேன், சந்நிதியில் நின்றபோது மனத்தில் என்ன ஓடியது என்று ஒரு வரியும் இல்லை. நத்தம் தாண்டியதும் இடது பாதத்தில் கொப்புளம் உடைந்து நான் சாலையோரம் உட்கார்ந்துவிட, பின்னால் வந்த முன்பின் அறியாத பெரியவர் ஒருவர் தம் செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றிக் கழுவிவிட்டு, தம் துண்டிலிருந்து ஒரு கீற்றுக் கிழித்துக் கட்டிவிட்டார். “முருகா, எந்திரி” என்று மட்டும் சொன்னார். அந்தக் காட்சி இன்றும் கண்முன் நிற்கிறது. நோட்டில் அந்த நாளுக்கு எழுதியிருந்தது இவ்வளவுதான்: “பஞ்சு, மருந்து வகையில் செலவு இல்லை.” அன்றுதான் அந்தப் பக்கத்தின் ஓரத்தில், எழுதிய தேதியோடு, பெரியவரைப் பற்றிய செய்தியைச் சேர்த்தேன். எழுதியதைத் திருத்துவது என்ற வேலை எனக்கு அங்கேதான் தொடங்கியது.

திருத்துவதற்கு ஒரு முறை வேண்டும். அந்த முறையை எனக்குத் தந்தவர்கள் என் அப்பச்சி. எங்கள் பக்கத்தில் தந்தையை அப்படித்தான் அழைப்போம். காரைக்குடியில் ஒரு கடையில் நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர்கள் அவர்கள். பேரேட்டில் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, பதிந்ததைச் சுரண்டக் கூடாது, பிழை தெரிந்தால் தெரிந்த நாளில் எதிர்ப்பதிவு போட்டுச் சரிக்கட்ட வேண்டும் என்பது அவர்கள் பாடம். பிழையும் தெரிய வேண்டும், அது எப்போது சரிசெய்யப்பட்டது என்பதும் தெரிய வேண்டும். அப்போதுதான் ஐந்தொகை, அதாவது ஆண்டு முடிவின் வரவு செலவு இருப்புக் கணக்கு, போடும்போது கணக்கு தன் உண்மையைச் சொல்லும் என்பார்கள்.

இந்தப் பாடம் எனக்கு மிகத் தேவைப்பட்ட ஒரு தருணம் வந்தது. என் தாயாரான ஆத்தா நோயில் கிடந்த கடைசி மூன்று மாதங்களில், சாமி கும்பிட மனம் வரவில்லை என்று ஒரு பக்கமும், கேட்டதைக் கொடுக்காத தெய்வத்தை இனி எதற்குக் கும்பிட வேண்டும் என்று அதற்கடுத்த பக்கமும் எழுதியிருந்தேன். சில ஆண்டுகள் கழித்து, பிள்ளைகள் கண்ணில் பட்டால் என்ன நினைப்பார்களோ என்று அந்த இரண்டு பக்கங்களையும் கிழிக்கப் போனேன். கை நோட்டின் மேல் இருக்கும்போதே அப்பச்சியின் பேச்சு நினைவுக்கு வந்தது. கிழிக்கவில்லை. மாறாக, அவற்றுக்கு எதிரே இருந்த வெற்றுப் பக்கத்தில், அந்தக் கோபம் எப்படி மெல்லத் தணிந்தது, எந்த நாளில் மறுபடியும் விளக்கேற்றினேன் என்று தேதியிட்டு எழுதினேன். பின்னாளில் தன் துணைவியை இழந்து நொந்திருந்த ஓர் உறவினருக்கு நான் வாசித்துக் காட்டியவை அந்த மூன்று பக்கங்களே. நகரத்தார் சமூகத்துக்குரிய ஒன்பது நகரக் கோயில்களைப் பற்றி நான் அழகாக எழுதியிருந்த எந்தப் பக்கமும் அவருக்குத் தேவைப்படவில்லை.

மனம் சார்ந்த திருத்தம் ஒருபுறமிருக்க, செய்தியிலும் பிழைகள் இருந்தன. 1989-இல் பிள்ளையார்பட்டிக்குப் போய்வந்து, கற்பக விநாயகர் நான்கு கரங்களோடு வீற்றிருப்பதாக எழுதியிருந்தேன். பிள்ளையார் என்றாலே நான்கு கை என்ற நினைப்பு. அலங்காரத்தில் அதைக் கூர்ந்து பார்க்கவுமில்லை. இரண்டு ஆண்டு கழித்து ஒரு காலை அபிஷேகத்தின்போது நின்று பார்த்தபோதுதான், குகைப் பாறையிலேயே குடைந்த அந்தத் திருமேனிக்கு இரண்டே கரங்கள் என்பதும், துதிக்கை வலப்புறம் சுழித்திருப்பதும் கண்ணில் நின்றன. பலமுறை கும்பிட்ட சாமியைப் பார்க்காமலே கும்பிட்டிருக்கிறேன் என்று அன்று வெட்கப்பட்டேன். எழுதும் பழக்கம் இல்லையென்றால் அந்த வெட்கமும் வந்திருக்காது, பிறகு ஒவ்வொரு சந்நிதியிலும் நின்று நிதானித்துப் பார்க்கும் பழக்கமும் வந்திருக்காது.

கேட்டதை எழுதுவதிலும் அதே கவனம் வேண்டும். பிள்ளையார் நோன்பு எங்கள் பகுதியில் எவ்வளவு முக்கியமானது என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். திருக்கார்த்திகையை அடுத்து இருபத்தொரு நாள் கணக்கிட்டு, மார்கழியில் சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில், புதுத்துணியிலிருந்து எடுத்த இருபத்தொரு நூலைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த பச்சரிசி மாவில் பொதித்து, சுடரோடு வாயில் வாங்கிக்கொள்வோம். இதை இழை எடுத்துக்கொள்வது என்போம். ஏன் இருபத்தொன்று என்று மூன்று பெரியவர்களைக் கேட்டேன். கடலில் திசை தவறிய வணிகர்கள் நாளுக்கொரு நூல் எடுத்து வைத்து எண்ணியதாக ஒருவர் சொன்னார். மற்ற இருவரும் வேறு வேறு காரணம் சொன்னார்கள். முதலில் எனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் உறுதியான செய்திபோல எழுதியிருந்தேன். இப்போது மூன்றையும், யார் சொன்னது, எந்த ஆண்டு சொன்னது என்பதோடு எழுதி வைத்திருக்கிறேன்.

இதே நோன்பைப் பற்றி நான்காண்டுகளுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து மகள் தொலைபேசியில் கேட்டாள். நோட்டைப் பார்த்து வாசித்தேன். “அப்பச்சி, மாவு எவ்வளவு, வெல்லம் எவ்வளவுன்னு ஒண்ணுமே போடலையே” என்றாள். ‘தேவையான அளவு’ என்று எழுதியிருந்தேன். பிசைந்து கொடுத்தவர்களுக்கு அளவு கையிலேயே இருந்தது. எழுதிய எனக்கு அது தெரியவே தெரியாது. அந்த ஆண்டு நோன்பன்று என் துணைவியார் மாவை அள்ளும்போதெல்லாம் நான் அருகில் உட்கார்ந்து ஆழாக்கால் அளந்து எழுதினேன். திரி சாயாமல் நிற்க மாவு எவ்வளவு இறுகலாக இருக்க வேண்டும் என்பதையும், சுடரை அணையவிடாமலும் வாய் சுடாமலும் வாங்கிக்கொள்ள உதடுகளை எப்படிக் குவிக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லச் சொல்லச் சேர்த்தேன். வீட்டுப் பெண்கள் சொல்லாமல் என் நோட்டில் பாதி வெறுமையாகவே இருந்திருக்கும்.

இவ்வளவும் சொல்வதற்கு அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. என் அப்பத்தா ஒரு குறிப்பேடு வைத்திருந்தார்கள். பெரும்பாலும் வீட்டுச் செலவும் நோன்புக்குத் தேவையான சாமான்களும் எழுதிய நீள நோட்டு அது. அவர்கள் கணவரான ஐயா அப்போது பர்மாவில், ரங்கூனில் இருந்தார்கள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அவ்வாண்டு பிள்ளையார் நோன்பும் அந்த நாட்களை ஒட்டியே வந்தது. விஷு வருஷம் மார்கழி என்று தேதியிட்ட அந்தப் பக்கத்தில், வெல்லம், நெய், பொரி வகைகள், ஆவாரம்பூ என்ற பட்டியலுக்குக் கீழே, “அவுகளுக்கும் ஒரு இழை எடுத்து வச்சேன்” என்று எழுதியிருக்கிறார்கள். தை பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே வரிதான்: “கோயிலுக்குப் போனேன். கடுதாசி இல்லை.” மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது, அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் எண்ணிப் பார்த்தேன், அந்த வரி இருபத்துமூன்று முறை வருகிறது. நடுவில் ஒரு வாரம் மட்டும், “போக மனசில்லை. போனேன்” என்று இருக்கிறது. அடுத்து வந்த சித்திரபானு வருஷம் ஆனி மாதத்தில், “வந்துட்டாக. நடந்தே வந்துருக்காக. கால் ரெண்டும் வீக்கம்” என்று ஒரு வரி. அதன் அடியில் விரலில் பட்டிருந்த மஞ்சளின் கறை அப்படியே இருக்கிறது.

ஐயா பிழைத்து வந்த கதையை வீட்டில் பலரும் பலவிதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஆறு மாதம் அப்பத்தா எப்படி நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் இந்த நோட்டைப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. அவர்கள் எழுதிய மற்ற நோட்டுகள் இப்போது இல்லை. பங்காளிகள் சேர்ந்து பூர்விக வீட்டின் இரண்டாங்கட்டை ஒழித்தபோது, பழைய பேரேடுகளோடு அவையும் எடைக்குப் போய்விட்டன. பெட்டகத்தில் சாமி சாமான்களுக்கு அடியில் கிடந்ததால் இது ஒன்று தப்பியது. மரத்தூணுக்கும் பீங்கான் சாடிக்கும் விலை பேசுகிற நேரத்தில், இந்தத் தாள்களை ஒரு நாழிகை உட்கார்ந்து புரட்டிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். அந்தக் குறை என் மனத்தை விட்டுப் போகவில்லை.

எங்களுக்குப் பக்கத்துக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள், நூல்களை மட்டுமல்லாமல் அழைப்பிதழ், துண்டறிக்கை என்று பிறர் வேண்டாமென ஒதுக்கிய தாள்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு, அந்தத் தொகுப்பை சிகாகோ பல்கலைக்கழகம் பெற்றுச் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. செட்டிநாட்டு வீடொன்றில் சேர்ந்த தாள்களுக்கு அந்த மதிப்பு உண்டென்றால், ஒரு குடும்பம் எப்படி வழிபட்டது என்று சொல்லும் தாள்களுக்கும் உண்டு என்றே கருதுகிறேன்.

பாதுகாப்பதைப் பற்றி ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். ஜெல் பேனாவால் எழுதிய என் நான்காவது நோட்டு பாதயாத்திரையில் வியர்வை பட்டே கரைந்து போயிற்று. பென்சிலால் எழுதியது அப்படியே இருக்கிறது. பூச்சிக்கு வசம்பு வைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் நோன்பு முடிந்த மறுநாள், அந்த ஆண்டு எழுதியதையும் பத்தாண்டுக்கு முன் எழுதியதையும் சேர்த்துப் படித்து, ஓரக் குறிப்புகள் எழுதி, கடைசிப் பக்கத்தில் எந்தக் கோயில், எந்த நோன்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருளடக்கம் போடுகிறேன். இதற்கு ஒரு நாள் போதும்.

எதைப் பிறர் அறியக் கொடுப்பது, எதைத் தமக்குள் வைத்துக்கொள்வது என்ற கேள்வியும் எழும். தாம் பெற்ற மந்திரப் பொருளை இராமானுசர் கோயிலின் மேலேறி ஊரறியச் சொன்னதாகப் போற்றப்படும் திருக்கோட்டியூர் எங்களுக்குத் தொலைவில் இல்லை. நானும் கொடுக்கும் பக்கமே நிற்பவன். என்றாலும் பிறருடைய துன்பமோ குடும்பத்துக்குள் நடந்த மனவருத்தமோ கலந்த பக்கங்களை மடித்து வைத்திருக்கிறேன். மடித்ததை என் காலத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று பிள்ளைகள் முடிவு செய்யட்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

தங்களிடம் நான் கேட்பது இதுதான். ஆன்மிகப் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது கால் பக்க இடம் ஒதுக்கி, வாசகர்கள் தம் வீட்டு வழிபாட்டைப் பற்றிச் சொந்தமாக எழுதிய குறிப்புகளையும், முன்னோர் எழுதி வைத்த குறிப்புகளையும் வெளியிட வேண்டும். எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும், தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ போகிறவராயினும், அவருக்கும் அதில் இடம் வேண்டும். வந்த குறிப்பில் பிழை இருந்தால் அடுத்த மாதம் அதே இடத்தில் திருத்தமும் வர வேண்டும். தாங்கள் இசைந்தால், அப்பத்தாவின் நோட்டிலிருந்து விஷு வருஷம் மார்கழிப் பக்கத்தையும், அதை அடுத்த இருபத்துமூன்று வெள்ளிக்கிழமைகளையும் நகலெடுத்து உடனே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.