தம்பி, ரிஃப்ளெக்டர் என்கிட்ட இருக்கு

தம்பி,

ஊருக்கு வந்து ஒன்பது நாளாச்சு. போன்ல பேசுனா நீ சரிப்பா சரிப்பான்னு வச்சிடுற, அதான் டைப் பண்றேன், தப்பு இருந்தா சிரிக்காத.

நாம எஸ்டோனியால தாலின் போன போட்டோவ அம்மா தெரு பூரா காட்டிட்டா. ஹெல்சிங்கில இருந்து கப்பல்ல ரெண்டு மணி நேரம், நம்ம மதுரை போற நேரத்துல இன்னொரு நாடுன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க. கோட்டைச்சுவர், சர்ச்சு, எல்லாம் சரி, எனக்கு மனசுல நிக்குறது டவுன்ஹால் முன்னாடி இருக்குற அந்த மெடிக்கல்தான். 1422லயே அந்தக் கடை இருந்ததா எழுத்து இருக்கு, இன்னைக்கும் அதே இடத்துல மாத்திரை விக்கிறான். நான் நம்ம மெடிக்கல் நடத்துன 31 வருஷத்துக்கே என்னா பேச்சு பேசுவேன்! பர்ச்சார்ட்னு ஒரே குடும்பம் 300 வருஷத்துக்கு மேல நடத்தியிருக்கு, தலைமுறை தலைமுறையா மூத்த பையனுக்கு யோஹான்னே பேரு. நீ அதப் படிச்சுச் சொல்லிட்டு என் மூஞ்சியப் பாத்த. நான் ஒண்ணும் நெனைக்கலப்பா. ஆன்லைன்காரன் தள்ளுபடியில போன கடை நம்மளது, உன்னால போகல. நீ படிச்சு அங்க போனதுல எனக்கு பெருமைதான், நேத்து கூட சித்தப்பாகிட்ட சொன்னேன். ஆனா ரெண்டு நாள்ல நீயா வாயத் தொறந்து பேசுனது அந்த யோஹான் கதை ஒண்ணுதான், அதையும் சொல்லணும்ல.

நேரத்துக்கு தூங்கு. காலைல ஒன்பதேகாலுக்கு விடிஞ்சு மூணரைக்கு இருட்டிடுது, இதுல மனுஷனுக்கு எப்படி தூக்கம் வரும், ஆனாலும் தூங்கு. லாட்ஜ்ல நடுராத்திரி மூணு மணிக்கு நீ ஜன்னல்கிட்ட நின்னத நான் பாத்தேன், தூங்குற மாதிரி படுத்திருந்தேன். டூம்பியா குன்று மேல ஏறுறப்ப படியில ஐஸ் வழுக்கி என் கையப் புடிச்சியே, உன் கை வெடவெடன்னுச்சு. குளிர்னு சொன்ன. க்ளவுஸ் போட்ட கைக்கு அவ்வளவு குளிரா?

சார்ஜர் எடுக்கச் சொன்னியே, பையில சைடு ஜிப் தொறந்து சார்ஜர மட்டும்தான் எடுத்தேன், வேற எதையும் பாக்கல. பொதுவா சொல்றேன், எந்த மாத்திரையா இருந்தாலும் நல்லாருக்குன்னு நாமளா பட்டுன்னு நிறுத்தக்கூடாது, டாக்டர கேட்டுதான் கொஞ்சம் கொஞ்சமா. வெறும் வயித்துல காபி குடிக்காத. நேரத்துக்கு தூங்கு.

கடைய மூடுன வருஷம் நானும் ஆறு மாசம் மாத்திரை போட்டேன். டாக்டர் கிடையாது, சீட்டு கிடையாது, மிச்ச ஸ்டாக்ல இருந்து நானே அட்டைய எடுத்து வச்சுக்கிட்டேன், ஊர்க்காரன் ஒவ்வொருத்தன்கிட்டயும் சீட்டு எங்கடான்னு கேட்டவன்தான். அம்மாகிட்ட கால்சியம்னு சொன்னேன், இன்னைக்கு வரைக்கும் அவளுக்கு அது கால்சியம்தான். நீ அப்ப போன புதுசு, தினம் கூப்பிட்டு எப்படிப்பா இருக்கன்னு கேப்ப. நான் சூப்பரா இருக்கேன்டான்னு வச்சிட்டு ஷட்டர பாதி இறக்கி உள்ள உக்காந்திருப்பேன். காலி ரேக்தான் சுத்தி. உன் சரிப்பா எங்க கத்துக்கிட்டதுன்னு எனக்குத் தெரியாதா. அன்னைக்கு ஒரு வார்த்தை உன்கிட்ட சொல்லிருக்கலாம். பெரிய மனுஷன்னு நெனப்பு, சொல்லல.

அம்மாகிட்ட இத சொல்லாத.

இன்னொண்ணு, கப்பல் ஏறுறப்ப நீ மாட்டிவிட்ட ரிஃப்ளெக்டர், அதான் வண்டி வெளிச்சம் பட்டா மின்னுறது, என் கோட்டுலயே வந்துருச்சு. இருட்டுல நடந்தா அது கட்டாயம், சட்டமே இருக்குன்னு நீதான சொன்ன. கடைக்குப் போய் வேற ஒண்ணு வாங்கு, கோட்டுல மாட்டி ஒரு போட்டோ அனுப்பு. கைக்கு எதுனால நடுக்கம்னாலும் சொல்லு, பேச வேணாம், டைப் பண்ணு போதும்.

அப்பா