அந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேளுங்கள்

பொதுச் சுகாதாரத் துறையின் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். எலிக்காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்பதைத் தங்களுக்கு எடுத்துச் சொல்லும் துணிவு எனக்கில்லை. ஜப்பானில் இனாடாவும் இடோவும் அதன் கிருமியை இனங்கண்டது 1915ஆம் ஆண்டில். அதைச் சுமந்து சிறுநீரில் விடுவது எலி என்பதும் அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே வெளிவந்துவிட்டது. நூறாண்டுகளுக்கு முன்பே தெரிந்த ஒன்றை, காய்ச்சலோடு வருபவரிடம் கேட்க மட்டும் ஏன் இன்னும் மறந்துபோகிறது என்பதே என் வருத்தம்.

என் அண்ணன், நெடுநாள் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கில் தேங்கியிருந்த நீரை வெறுங்காலோடு நின்று இறைத்து வெளியேற்றினார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் கண்டது. கெண்டைக்காலில் போர்வை பட்டாலே முகம் சுளித்தார். கண்கள் இரத்தமாய்ச் சிவந்திருந்தன. மருத்துவமனையில் காய்ச்சலுக்கு மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாம் முறை போனபோதும் அதே மாத்திரைதான். ஆறாம் நாள் கண்ணின் சிவப்பு மஞ்சளாக மாறியது, சிறுநீர் குறைந்தது. ஏழாம் நாள்தான் ஓர் இளம் மருத்துவர் குனிந்து, கிருமி உள்ளே புக வழியான அவருடைய குதிகால் வெடிப்புகளைப் பார்த்துவிட்டு, "எலி நடமாடும் தண்ணீரில் நின்றீர்களா?" என்று கேட்டார். அதற்குள் டயாலிசிஸ் தவிர வழியில்லாமல் போயிற்று. அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அரை நிமிடம்கூட ஆகவில்லை என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே. காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரிடமும், கடந்த ஒரு மாதத்தில் எலிகள் புழங்கும் நீரிலோ சேற்றிலோ புதரிலோ இருந்தாரா என்று முதல் நாளே கேட்டு, பதிலைச் சீட்டில் எழுத வேண்டும். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடும் பரிசோதனை, தொடக்க நாள்களில் தவறாக 'இல்லை' என்று காட்டக்கூடும் என்பதால், ஐயம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். எலிகள் மேல் ஒட்டும் சிற்றுண்ணிகளின் இளம்பூச்சிகள் கடித்து வரும் உண்ணிக்காய்ச்சலுக்கும் இது பொருந்தும். கடித்த இடத்தில் உண்டாகும் கறுத்த பொருக்கு அக்குளிலோ தொடையிடுக்கிலோ மறைந்திருக்கக்கூடும். சட்டையைக் கழற்றச் சொல்லித் தேடாதவர் கண்ணில் அது படாது. இரண்டு நோய்களுக்கும் டாக்சிசைக்ளின் என்ற பழைய மருந்தே கேட்கிறது.

தாங்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். எலி ஒழிப்பு வாரம் தவறாமல் வருகிறது; சுவரொட்டியில் எலி அழகாகவே சிரிக்கிறது. அந்த வாரம் என்றைக்கு முடியும் என்பது எலிகளுக்கும் தெரிந்திருக்கும் போலிருக்கிறது. குப்பையும் திறந்த சாக்கடையும் அப்படியே கிடக்கும்போது, நஞ்சு வைத்துக் காலியாக்கிய வளைக்குப் பக்கத்து எலி குடிவராமல் என்ன செய்யும்? கிருமி சுமக்கும் எலி பெரும்பாலும் நோயாளியைப் போல் தோன்றுவதும் இல்லை. சிறுநீரில் கிருமியை விட்டபடி நலமாகவே ஓடித் திரியும்.

கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்தருள வேண்டும். 2015இல் வெளியான மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேரைத் தாக்கி, ஏறத்தாழ 59,000 உயிர்களைக் கொள்ளும் நோய் இது. புதுக் கட்டடமோ புதுக் கருவியோ நாங்கள் கேட்கவில்லை. காய்ச்சல் சீட்டில் அந்த ஒரு கேள்விக்கு ஒரு வரி இடம் ஒதுக்கி, அடுத்த மழைக்காலத்துக்கு முன் எல்லா மருத்துவமனைகளுக்கும் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் நாள் வரை காத்திருந்த ஒரு தம்பி