சந்தி மரங்களுக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி மடல்

பெருமதிப்புக்குரியீர்,

வலிகாமத்திலுள்ள எமது ஊர்ச் சந்தியிலும் சந்தை முன்றலிலும் பஸ் தரிப்பிடத்தின் ஓரத்திலும் சென்ற கார்த்திகையில் நடப்பட்ட வேம்பும் மருதும் புங்கையும் பூவரசும், சோளகக் காற்று ஓய்ந்த இந்தப் புரட்டாதியில் புதுத் துளிர் விட்டு நிற்கின்றன. அவற்றைக் காப்பாற்றித் தந்த அனைவருக்கும் எமது சனசமூக நிலையத்தின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

போருக்குப் பின் வீதிகள் அகலிக்கப்பட்டபோது நிழல் தந்த பழைய மரங்கள் பல போயின. வீதி எமக்கு வேண்டியதுதான். ஆயினும் மரக்கறி மூட்டைகளோடு வரும் விவசாயிகளும், பாடசாலை விட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் அன்றுமுதல் வெயிலிலேயே நின்றார்கள்.

மரநடுகைக்கென்று நிதி கேட்டால் கன்று வாங்கத் தருவோர் பலர். கன்றின் விலையோ சிறிது. கட்டாக்காலி மாடுகளிடமிருந்து அதைக் காக்கும் கம்பிக்கூட்டுக்கு அதைவிடப் பன்மடங்கு செலவாகும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத எமது குடாநாட்டில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்து முடிந்துவிடுவதால், மாசி தொடங்கி ஆவணி வரை கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதே எல்லாவற்றிலும் பெரிய செலவு. நட்ட அன்று படம் எடுத்துக்கொண்டு கைவிடப்பட்ட கன்றுகள் பல இடங்களில் கருகியதை நாம் கண்டிருக்கிறோம். அதனை உணர்ந்து, கன்றுக்காக அல்லாமல் தண்ணீருக்காகவே மாதந்தோறும் பணம் அனுப்பிய கனடா, இலண்டன், நோர்வே வாழ் எம்மூர் உறவுகளை நாம் முதலில் நினைக்கிறோம். கூடுகளில் தமது பெயரைப் பொறிக்க வேண்டாம் என்றும், அந்தக் காசுக்கு இன்னுமொரு கூடு செய்யுங்கள் என்றும் அவர்கள் கேட்டுக்கொண்டதால், இம்மடலிலும் பெயர்களைத் தவிர்த்துள்ளோம்.

சந்தியில் குழி தோண்டியது இலகுவான வேலையன்று. தார் ஓரத்துச் சல்லியைக் கிளறி அகற்றியதும் சுண்ணாம்புக்கல் தட்டுப்பட்டது. இளைஞர்கள் அலவாங்கால் அதனை உடைத்தெடுத்து, தோட்டக்காரர்கள் இலவசமாகத் தந்த செம்மண்ணையும் மாட்டெருவையும் இட்டு நிரப்பினார்கள். இடத்துக்கு அனுமதியும் தண்ணீர் பவுசரும் தந்த பிரதேச சபையினருக்கும், மின்கம்பிகளுக்குக் கீழே உயர்ந்து வளரும் மரங்களை வைக்காதவாறு இடம் குறித்துத் தந்த மின்சார சபை ஊழியர்களுக்கும் நன்றி. பவுசர் வராத நாட்களில் தமது கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி ஊற்றிய சந்தித் தேநீர்க் கடைக்காரருக்குச் சொல்லும் நன்றி தனியானது. கூடு சரிந்து ஆடு நுனி கடித்த வேம்பொன்றை, இனி வராது என்று நாம் பிடுங்க முற்பட்டபோது தடுத்தவரும் அவரே. அது இன்று பக்கத்தில் இரண்டு கிளை விட்டு, கூட்டின் உயரத்தை எட்டிவிட்டது.

எஞ்சிய நிதி வரும் இரண்டு கோடைகளுக்கும் தண்ணீர் ஊற்றுவதற்காக வங்கியில் தனிக் கணக்கில் வைக்கப்பட்டுள்ளது. வரவு செலவு விபரம் நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டுள்ளதோடு, பற்றுச்சீட்டுகளை மாலை வேளைகளில் எவரும் பார்வையிடலாம். பட்டுப்போன சில கன்றுகளுக்குப் பதிலாக, முதல் மழை விழுந்ததும் அதே குழிகளில் மருதங்கன்றுகள் நடப்படும்.

நன்றியுடன்,
சனசமூக நிலைய நிர்வாகத்தினர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.