கோட்டைக்கு மேலே ஒட்டாத விமானம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர்க் கோட்டைக்கு மேல் ஏ320 பயணிகள் விமானம் பறப்பதுபோல், ஃபோட்டோஷாப்பில் இரண்டு படங்களை ஒட்டிச் செய்து சென்ற இதழில் வந்த இணைப்புப் படத்தையும் செய்முறையையும் பார்த்தேன். பென் டூலில் ஓரம் வரைந்து விமானத்தை வெட்டியெடுப்பதை விரிவாக எழுதியவர், அதற்குப் பிறகு வரும் வேலையை இரண்டே வரியில் முடித்துவிட்டார். படம் கெடுவது அங்கேதான்.

முதலில் அளவு. லென்ஸின் மி.மீ.யை விமான நீளத்தால் பெருக்கித் தூரத்தால் வகுத்தால், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும் நீளம் வரும். ஏ320-இன் நீளம் 37.57 மீட்டர். 50 மி.மீ. லென்ஸ், 1,500 மீட்டர் தூரம் என்றால் 1.25 மி.மீ. 36 மி.மீ. அகல சென்சாரில் எடுத்த 6,000 பிக்சல் படத்தில் இது சுமார் 208 பிக்சல்தான். உங்கள் படத்திலோ விமானம் பாதி அகலத்தை அடைத்து நிற்கிறது. அதே லென்ஸ் என்றால் கேமராவுக்கு நூறு மீட்டர் தள்ளிப் பறக்கிறது என்று பொருள். அவ்வளவு தாழ்வாக வரும் விமானத்துக்குச் சக்கரமும் இறங்கவில்லை, இறக்கையின் பின்னோரத்தில் இருக்கும் ஃபிளாப்பும் விரியவில்லை.

அடுத்தது புகைமூட்டம். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கோட்டைக்குப் பின்னால் தெரியும் மலையின் நிழல் பகுதியில், நிறத்தை எண்ணாகக் காட்டும் ஐட்ராப்பரை வைத்துப் பாருங்கள். கறுப்பு இருக்காது, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 75, 85, 100 என்பதுபோல நீலம் தூக்கலாகத்தான் எண்கள் வரும் (0 என்றால் கறுப்பு, 255 என்றால் முழு வெளிச்சம்). அதே தூரத்தில் விமானத்தின் இன்ஜின் வாய் மட்டும் 10, 10, 10 என்று கரியாக இருந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். விமானம் இருக்கும் லேயரை மட்டும் பாதிக்கும்படி கிளிப் செய்து, வெளிச்ச அளவை மாற்றும் ஒரு லெவல்ஸ் லேயர் போட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலிலும் அவுட்புட்டின் கறுப்பு முனையைத் தனித்தனியாக ஏற்றி, மலையின் எண்களுக்குக் கொண்டுவர வேண்டும். கட்டுரையில் சொன்னபடி ஒப்பாசிட்டியை, அதாவது லேயரின் ஒளிபுகாத் தன்மையை, குறைக்கவே கூடாது. குறைத்தால் பின்னாலிருக்கும் மேகம் விமானத்தின் உடம்புக்குள் தெரியும். உங்கள் படத்தில் வால் பக்கம் அப்படித்தான் தெரிகிறது.

ஓரத்தில் வெள்ளைக் கோடு நிற்பது பழைய வானத்தின் மிச்சம். முதலில் விமானத்தை வேண்டிய அளவுக்குச் சுருக்கிவிட்டு, பிறகு விமானத்துக்கு வெளியே இருப்பதை மறைக்கும் மாஸ்க்கின் ஓரத்தை ஒரு பிக்சல் உள்ளே தள்ளி, ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதரை அரை பிக்சல் கொடுத்தால் போதும். மூன்று பிக்சல் கொடுத்தால் இறக்கை பஞ்சாகிவிடும். நாய்ஸ் எனும் புள்ளிப் புள்ளியான இரைச்சலைக் கடைசியில், படத்தை நூறு சதவீத அளவில் வைத்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

வெளிச்சம் மதிலில் ஒரு பக்கமும் விமானத்தில் மறுபக்கமும் விழுந்தால், விமானத்தைச் சும்மா இடவலமாக ஃபிளிப் செய்துவிடுகிறார்கள். நிறுவனப் பெயரும், இந்திய விமானங்களுக்கு வி.டி. என்று தொடங்கும் பதிவெழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிவிடும். வேறு கோணத்தில் எடுத்த படத்தைத் தேடுவதே நல்லது. அகழித் தண்ணீரையும் பாருங்கள்: கண்மட்டத்துக்கு மேல் விமானம் எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ, அதே அளவு கீழே தண்ணீர் இருந்தால் அங்கே அதன் பிம்பம் தெரிந்தே ஆக வேண்டும். மதிலின் பிம்பம் தெரிகிறது, விமானத்தின் பிம்பம் இல்லை.

இன்னொன்று. வேலூரை ஒட்டிய அப்துல்லாபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதை சிறிய விமானங்களுக்கானது. அங்கே ஏ320 வந்துவிட்டதாக இந்தப் படத்தை வைத்தே வாட்ஸ்அப்பில் செய்தி பரப்ப முடியும். எனவே 'இணைப்புப் படம்' என்ற குறிப்பைப் படத்துக்குள்ளேயே, வெட்டியெடுக்க முடியாத இடத்தில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், காட்பாடி